போர்குண்ட் மரத் தேவாலயம்: 800 வருடமாக எப்படி நிற்கிறது?

போர்குண்ட் தேவாலயத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேட்டிருந்தீர்கள். முழுக்க மரத்தில் கட்டிய ஒரு கிராமத்துக் கோயில் 800 வருடமாக எப்படி உளுத்துக் கொட்டாமல் நிற்கிறது? கூரையில் டிராகன் தலைகள் இருப்பதால் இது முதலில் வைக்கிங்குகளின் பழைய தெய்வங்களுக்குக் கட்டிய கோயிலா? ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டியது என்கிறார்களே, உண்மையா? கடைசி இரண்டுக்கும் சில வரிகளில் பதில் சொல்லிவிடலாம். முதல் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அந்தக் காலத்து மரம், அதனால் உழைக்கிறது’ என்று பலரும் சொல்வது பாதிகூட உண்மை இல்லை என்பது என் எண்ணம். அதே மரத்தில் அதே ஊர்க்காரர்கள் கட்டிய நூற்றுக்கணக்கான கோயில்கள் இன்றைக்கு இல்லை.

போர்குண்ட் இருப்பது மேற்கு நார்வேயில், லேர்டால் பள்ளத்தாக்கில். சோக்னே ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நெடுந்தூரம் உள்ளே நீளும் கடல்குடாவின், உள்முனையிலிருந்து மலைக்குள் ஏறிப்போகும் பள்ளத்தாக்கு அது. நார்வேயின் கிழக்குப் பகுதியையும் மேற்குக் கரையையும் இணைத்த பழைய பாதை இந்த வழியாகத்தான் ஃபிலேஃபியெல் மலையைக் கடந்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே அந்த ராஜபாட்டையின் ஒரு துண்டு இன்றும் நடக்கக் கிடைக்கிறது. எனவே குக்கிராமத்துக் கோயில் என்றாலும் ஒதுக்குப்புறமான கோயில் இல்லை. வழிப்போக்கர்கள் வந்து போய்க்கொண்டே இருந்த இடம்.

வயதைப் பற்றி முன்பெல்லாம் பொத்தாம்பொதுவாக 12ஆம் நூற்றாண்டு என்பார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிடும் முறை வந்தபிறகு துல்லியம் கூடியது. ஒவ்வோர் ஆண்டும் வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி வளையம் தடித்தோ மெலிந்தோ விழும். ஒரு வட்டாரத்து மரங்களிலெல்லாம் அந்த வரிசை ஒரே மாதிரி இருக்கும். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் கிடைத்துவிட்டால் மரம் எந்தக் குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்றுகூடச் சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்ததில் போர்குண்டின் மரங்கள் 1180–81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. நார்வேயில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஸ்வெர்ரெ, மாக்னுஸ் என்று இரண்டு பேர் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். 1184இல் இதே சோக்னே ஃபியோர்டில், ஃபிம்ரைட்டெ என்ற இடத்தில் நடந்த கடற்போரில் மாக்னுஸ் இறந்துபோனார். நாடு அப்படிக் கொந்தளித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பள்ளத்தாக்கில் தச்சர்கள் தூண் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. நார்வேயைக் கிறிஸ்தவ நாடாக்கியதில் பெரும்பங்கு உள்ளவர் என்று போற்றப்படும் அரசர் ஓலாவ், ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்தது 1030இல். அதற்கு 150 வருடம் கழித்துக் கட்டப்பட்ட கோயில் இது. முதல் நாளிலிருந்தே கிறிஸ்தவக் கோயில், இயேசுவின் சீடரான புனித அந்திரேயாவின் பெயரில் அர்ப்பணிக்கப்பட்டது. டிராகன் தலைகளைப் பார்த்தவுடன் வைக்கிங் கப்பல் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அதே காலத்தில் புனிதர்களின் எலும்புகளை வைக்கச் செய்த திருப்பண்டப் பேழைகளின் கூரை முகப்பிலும் இதேபோன்ற டிராகன் தலைகள் உண்டு. அன்றைய கிறிஸ்தவக் கலைஞனின் கையில் டிராகன் சாதாரணமாகப் புழங்கிய உருவம். தீய சக்திகளை விரட்டக் கூரையில் வைத்தார்கள் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். உச்சியில் டிராகன் என்றால் கீழடுக்கு முகப்புகளின்மேல் சிலுவைகள் நிற்கின்றன. ஒரே கூரையில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

இனி மரத்துக்கு வருவோம்.

மண்ணில் நட்ட கம்பம் எங்கே முதலில் அழுகும் என்று வேலி போட்ட எவரும் சொல்வார்கள். ஆழத்தில் இருக்கும் அடிப்பகுதி அல்ல, மண்ணும் காற்றும் சந்திக்கிற அந்த ஒரு சாண் இடம்தான் முதலில் போகும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சைக்கு அதுதான் விருந்து. நார்வேயின் முதல் மரக்கோயில்கள் அப்படித்தான் கட்டப்பட்டன, தூண்களைக் குழி தோண்டி மண்ணில் நட்டு. ஊர்னெஸ், லோம் போன்ற இடங்களில் இப்போது நிற்கும் தேவாலயங்களுக்கு அடியில் தோண்டியபோது அந்தப் பழைய தூண்குழிகள் கிடைத்தன. அந்தத் தலைமுறைக் கோயில் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. எல்லாம் காலில் அழுகிப் போயின.

அதைப் பார்த்த அடுத்த தலைமுறைத் தச்சர்கள் செய்த மாற்றம்தான் போர்குண்டின் உயிர். தூணை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலில் கல்வரிசை. அதன்மேல் நான்கு பெரிய அடிக்கட்டைகள், கிணற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை போட்டது மாதிரி, ஒன்றையொன்று வெட்டிக் கவ்வி, முனைகள் வெளியே நீட்டியபடி கிடக்கும். நடுக்கூடத்தின் தூண்கள் இந்தக் கட்டைகள்மேல் நிற்கின்றன. வெளியே நீட்டிய முனைகள் வெளிச்சுவரின் அடிச்சட்டத்தைத் தாங்குகின்றன. ஆக, மொத்தக் கட்டடமும் கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மண்ணோடு மரத்துக்குத் தொடர்பே இல்லை. அடியில் காற்று ஓடுகிறது, ஈரம் தங்குவதில்லை. நார்வேயின் மரத் தேவாலயங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், டிராகனை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக் கட்டடத்தை ‘ஸ்டேவ்’ தேவாலயம் என்பார்கள். ஸ்டேவ் என்பது செங்குத்தாக நிற்கும் தூண். மரக்கட்டைகளைப் படுக்க வைத்து அடுக்கிக் கட்டும் வீடுகளும் நார்வேயில் ஏராளம். இது அதற்கு நேர்மாறு: இங்கே சுவர்ப்பலகைகூட நின்றவாக்கில்தான் இருக்கும். மூலைக்கு ஒரு தடித்த உருண்டைத் தூண், கீழே அடிச்சட்டம், மேலே தலைச்சட்டம். இரண்டு சட்டத்திலும் நீளமாகக் காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம், எடுத்து, பலகைகளை அந்தக் காடிக்குள் நிறுத்துவார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலும் ஒன்றின் நாக்கு மற்றதன் காடிக்குள் போய் உட்காரும். நின்றவாக்கில் இருக்கிற பலகையில் மழைநீர் நாரோடு வழிந்து கீழே இறங்கிவிடும், பொருத்துகளில் தேங்காது.

உள்ளே போனால் 12 தூண்கள் தரையிலிருந்து நேராக உயர்ந்து கூரைவரை போகின்றன. இவைதான் நடுக்கூடத்தைச் சுற்றி நின்று மேற்கூரையைச் சுமக்கின்றன. வெளிச்சுவர் இந்தப் பாரத்தைச் சுமப்பதில்லை. ஒரு பெட்டிக்குள் இன்னோர் உயரமான பெட்டி நிற்கிறது என்று கட்டடக்கலைஞர்கள் இதை விவரிப்பதுண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய இடம்தான் சுற்றுப்பாதை. தூண்களின் வரிசையை உற்றுப் பார்த்தால் ஓர் அழகான தந்திரம் தெரியும். தெற்கு வாசலில் நுழைகிறவருக்கு நேர் எதிரே ஒரு தூண் வந்து வழியை மறிக்க வேண்டும். அதனால் நீளவாக்கில் இருபுறமும் நடுத்தூணை மட்டும் தரைவரை இறக்காமல், குறுக்கே ஓடும் விட்டத்தின்மேல் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் தூண் வரிசை குறையாமல் இருக்கும், கீழே வழி திறந்திருக்கும். பாரம் எங்கே இறங்குகிறது, எதை எடுத்தால் எது தாங்கும் என்று கைப்பழக்கத்திலேயே அறிந்தவர்கள் செய்த வேலை இது. என்னைக் கேட்டால் அங்கே செதுக்கியிருக்கிற எல்லா டிராகன்களையும்விட இந்த அரைத்தூணுக்குத்தான் முதல் மரியாதை.

தூண்களுக்கு இடையே ஒருவித அலங்காரச் சிலுவை வரிசை ஓடுகிறது. பெருக்கல் குறி வடிவில், நடுவில் சூரியன் மாதிரி ஒரு வட்டம், கைகளில் இலைச் செதுக்கல். இதை அந்திரேயா சிலுவை என்பார்கள். பார்க்க அலங்காரம், வேலையோ முட்டுக்கொடுப்பது. காற்று கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது செவ்வகச் சட்டம் சாய்ந்து கோணலாகும். குறுக்குக் கை இருந்தால் சாயாது. இதற்கு மேலும் கீழும் வளைவான முட்டுக்கட்டைகள் தூணையும் விட்டத்தையும் இறுக்கிப் பிடிக்கின்றன. இந்த வளைவுகளை நேரான மரத்தில் வளைவாக அறுத்து எடுக்கவில்லை. அடிமரம் வேராகத் திரும்புகிற இடத்தில் இயற்கையாகவே வளைந்திருக்கும் கட்டையைத் தேடி எடுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். வளைவோடு நாரும் வளைந்து போவதால் அது பிளக்காது. கப்பல் கட்டுகிறவர்களுக்கு அத்துபடியான உத்தி. ‘கவிழ்த்துப் போட்ட வைக்கிங் கப்பல்’ என்று இந்தக் கோயில்களைச் சொல்வது வெறும் கற்பனை. ஆனால் கப்பல் தச்சரின் மர அறிவு இதில் இருக்கிறது என்பது சரி.

தூண்களின் உச்சியில் முகங்கள் உண்டு, மனித முகம், விலங்கு முகம். கீழிருந்து பார்த்தால் இருட்டில் சரியாகத் தெரியாது. அதற்கும் மேலே கூரையின் எலும்புக்கூடு: சரிவான கைமரங்கள் இருபுறமிருந்தும் வந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் கடந்து எதிர்ப்பக்கக் கைமரத்தைப் பிடிக்கின்றன, அவற்றைக் கட்டி ஒரு குறுக்குச் சட்டம். கூரையின் பாரம் சுவர்களை வெளியே உதைத்துத் தள்ளிவிடாமல் இந்த அமைப்பு தடுக்கிறது. செங்குத்தான கூரை என்பதால் பனியும் வெகுநேரம் தங்காது.

ஆணிக் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். பாரம் தாங்குகிற பொருத்துகள் எல்லாம் மரத்தை மரத்தில் வெட்டிச் செருகி, மர ஆணி அடித்து இறுக்கியவை. அந்த அளவில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. ஆனால் இரும்பையே தொடாமல் கட்டினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதவுகளில் இரும்பு வேலைப்பாடு இருக்கிறது, கொல்லர்கள் இருந்த ஊர்தான். மரப்பொருத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரும்புப் பஞ்சம் மட்டுமல்ல. மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மர ஆணி அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

கோயிலைச் சுற்றி வெளியே ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. மழைக்கு ஒதுங்க, பூசைக்கு முன் கூடிப் பேச என்று அதற்குப் பல பயன். ஆனால் கட்டடத்தின் ஆயுளைப் பொறுத்தவரை அது ஒரு குடை. மேலே அடுக்கடுக்காக இறங்குகிற கூரைகள் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்க் கடைசியில் தாழ்வாரத்துக்கும் வெளியே விடுகின்றன. முக்கியமான சுவரும் அதன் அடிச்சட்டமும் நனைவது அரிது. 800 வருடத்துக்கு முந்தைய செதுக்கல் மேற்கு வாசலில் இன்னமும் கூர்மையாக இருப்பதற்கு இதுவே காரணம். கொடிகளும் டிராகன்களும் ஒன்றையொன்று கடித்துப் பின்னிக்கொண்டு வாசலின் இரு பக்கமும் ஏறுகிற அந்தச் செதுக்கலை, சோக்ன் வட்டாரத்து வாசல்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக வைக்கலாம்.

அதே சுவர்களில் ரூனிக் எனப்படும் பழைய வடநாட்டு எழுத்தில் கிறுக்கல்கள் இருக்கின்றன. ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. தோரிர் என்ற ஒருவன், இந்த வழியாகப் போகும்போது, ஓலாவ் திருநாளின் முந்தைய மாலையில் இந்த எழுத்துகளைச் செதுக்கியதாகச் சொல்கிறான். ஓலாவ் திருநாள் ஜூலை 29, அதாவது நாம் மேலே பார்த்த அதே அரசர் இறந்த நாள். அதற்குப் பிறகு எழுதுகிறான்: விதியை நெய்யும் நோர்ன் தேவதைகள் நன்மையும் செய்தார்கள், தீமையும் செய்தார்கள், எனக்கு மிகுந்த துன்பத்தை விதித்துவிட்டார்கள். நோர்ன்கள் பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்தவப் புனிதரின் திருநாளைக் கணக்கில் வைத்து, கிறிஸ்தவக் கோயில் சுவரில், தன் தலைவிதிக்கு அந்தப் பழைய தேவதைகளின்மேல் பழி போடுகிறான். அவனுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது. தலையெழுத்தை நொந்துகொள்ளும்போது பழைய பேச்சுத்தானே வாயில் வரும். இது வைக்கிங் கோயிலா என்று கேட்டீர்களே, கட்டடம் அல்ல. ஆனால் உள்ளே வந்து போனவர்களின் பேச்சில் பழைய உலகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? இருட்டாக. நடுக்கூடத்தின் உயரத்தில் சில சிறு திறப்புகள் மட்டும். மக்கள் நின்றபடி பூசையில் பங்கெடுத்தார்கள், வரிசையாக இருக்கை போடுவதெல்லாம் பின்னால் வந்த வழக்கம். மெழுகுவர்த்தி எரிகிற பீடம் மட்டும் தெரியும். மாவுக்கல்லில் செய்த பழைய திருமுழுக்குத் தொட்டி இன்றும் உண்டு. தெற்குச் சுவரின் உட்புறத்தில், கோயிலை மந்திரித்து அர்ப்பணித்தபோது இட்ட சிலுவைக் குறிகள் இப்போதும் தெரிகின்றன. கிழக்குப் பக்கத் தூணில் கலைமான் கொம்பு ஒன்று மாட்டியிருந்தது. பூசை நேரத்தில் உள்ளே நுழைய வந்த மானைச் சுட்டுப் பிடித்ததன் மிச்சம் என்று ஊர்க்கதை.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனி மணிக்கூண்டு நிற்கிறது. படத்தில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது, இதுவும் ஸ்டேவ் முறையில். நார்வேயில் இந்த முறையில் தனியாக நிற்கிற மணிக்கூண்டு இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதன் பழைய சுவரைக் காப்பாற்ற 1990களில் வெளியே புதிதாகப் பலகைச் சுவர் அடித்தார்கள்.

இவ்வளவும் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம். மீதி, பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பு. அந்த உழைப்பின் பெயர் தார்.

ரோடு போடும் தார் அல்ல, மரத்தார். பிசின் ஊறிய பைன் மரத்தின் வேர்க்கட்டைகளையும் அடிக்கட்டைகளையும் பிளந்து, சரிவான குழியில் அடுக்கி, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடி மூட்டம் போடுவார்கள். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வேலை புரியும். காற்று அளவாகப் போகும்படி பார்த்துக்கொண்டால் கட்டைகள் எரிந்து சாம்பலாகாமல் வெந்து, பிசின் கசிந்து குழியின் அடியில் உள்ள வாய்க்கால் வழியாக வெளியே சொட்டும். அதைச் சுடவைத்துச் சுவரிலும் கூரையின் மரச்சில்லு ஓடுகளிலும் பூசுவார்கள். மரத்துக்குள் இறங்கித் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் நிரந்தரமல்ல. வெயில் படுகிற தெற்குப் பக்கத்தில் தார் உருகி வழிந்து வெளுத்துவிடும், அதனால் அந்தப் பக்கம் பழுப்பாகத் தெரியும். நிழல் விழும் வடக்குச் சுவர் அட்டக்கறுப்பாகவே இருக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசியே ஆக வேண்டும். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இது பக்தியை மட்டும் நம்பி விட்ட வேலையும் இல்லை. மேற்கு நார்வேக்கான இடைக்காலக் குலாதிங் சட்டத்தில் கோயில் பராமரிப்பு மக்களின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. கோயில் சிதைந்து மூலைத்தூண்கள் விழுந்தால் 12 மாதத்துக்குள் புது மரம் இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்கிறது. மூலைத்தூண் விழும் என்று சட்டம் எழுதுகிறவனுக்கே தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். மரக்கோயில் என்றால் அடிக்கடி மாற்ற வேண்டியது என்ற அனுபவம் அந்த வரியில் இருக்கிறது.

இடம் வாய்த்ததையும் சொல்லியாக வேண்டும். கரையோர பெர்கனில் வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். லேர்டால் மலைகளுக்கு உள்ளே மழைமறைவில் இருக்கிறது. வயலுக்கு மலையோடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சிய பள்ளத்தாக்கு அது. மரத்துக்கு இதைவிட நல்ல இடம் மேற்கு நார்வேயில் கிடைப்பது கடினம்.

இத்தனை சாதகம் இருந்தும் 19ஆம் நூற்றாண்டில் போர்குண்ட் மயிரிழையில்தான் தப்பியது. எப்படி என்று சொன்னால்தான் முதல் கேள்விக்கு முழுப் பதில் ஆகும்.

இடைக்காலத்தில் நார்வேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேவ் தேவாலயங்கள் இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். இன்று நார்வேயில் மிஞ்சியது 28. மீதி எங்கே போயின? 1349இல் பெர்கனில் கரையேறிய கொள்ளைநோய் மக்கள்தொகையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. பல ஊர்கள் ஆளின்றிக் கிடந்தன, கோயில்கள் கூரை ஒழுகி விழுந்தன. 1537இல் லூத்தரன் சீர்திருத்தம் வந்தது, நாடு கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டண்டு வழிக்கு மாறியது. பிரசங்கம் கேட்கிற வழிபாடு என்பதால் இருக்கை வேண்டும், வாசிக்க வெளிச்சம் வேண்டும். பல இடங்களில் பழைய சுவரை அறுத்து ஜன்னல் வைத்தார்கள், உள்ளே தட்டையான கூரை அடித்துக் குளிரைத் தடுத்தார்கள். போர்குண்டிலும் இருக்கைகள், மாடம், பெரிய ஜன்னல்கள், வண்ணப்பூச்சு எல்லாம் வந்தன. இப்போது பீடத்தில் இருக்கும் ஓவியப் பலகை 1654ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அப்போது நார்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. நான்காம் ஃபிரெடெரிக் என்ற அரசர், ஸ்வீடனோடு நடந்த வடக்குப் பெரும்போரில் பட்ட கடனை அடைக்க, 1723இல் நார்வேயின் கோயில்களைத் தனியாருக்கு விற்கத் தொடங்கினார். இந்த ஃபிரெடெரிக்தான் மதபோதகர் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிவைத்தவர். சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார், தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. அங்கே ஆலயம் எழ ஆதரவு தந்த அரசர் இங்கே ஆலயங்களை ஏலம் விட்டது ஐந்து வருட இடைவெளியில் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

கடைசி அடி 1851இல் வந்தது. ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்து மக்களில் பத்தில் மூன்று பேராவது உட்காருகிற அளவுக்குக் கோயில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இடைக்காலக் கோயில்கள் சின்னவை. ஊர் பெருத்துவிட்டது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், ஆனால் அது ஸ்டேவ் தேவாலயங்களை இடிக்கக் கிடைத்த அனுமதியாக முடிந்தது. பழைய மரத்தை விற்றால் புதுக் கோயில் கட்டப் பணம். அடுத்த சில பத்தாண்டுகளில் வரிசையாக இடித்தார்கள். போர்குண்ட் ஊராரும் 1868இல் பழைய கோயிலுக்குப் பக்கத்திலேயே புதிது கட்டினார்கள். வழக்கப்படி அடுத்தது இடிப்பு.

அது நடக்காமல் போனதற்கு, அதற்கு 30 வருடம் முன்பே ஓர் ஓவியர் போட்ட கூச்சல் காரணம். யோஹான் கிறிஸ்டியான் டால், நார்வேயில் பிறந்து ஜெர்மனியின் டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்தவர். 1837இல் இந்த மரக்கோயில்களின் வரைபடங்களைப் புத்தகமாகப் போட்டு ஐரோப்பாவுக்குக் காட்டினார். போர்குண்டும் அதில் ஒன்று. சொந்த நாட்டில் கேட்பாரில்லாமல் விற்பனைக்கு வந்த வாங் ஊர்க் கோயிலைப் பிரஷ்ய அரசர் காசில் வாங்கி, பிரித்துக் கப்பலேற்றி அனுப்பியதிலும் அவர் கை உண்டு. அந்தக் கோயில் இன்று போலந்தின் கார்பாச் நகரில் நிற்கிறது. 1844இல் பழஞ்சின்னங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்க டால் தூண்டுகோலாக இருந்தார். 1877இல் அந்தச் சங்கமே போர்குண்ட் கோயிலை வாங்கிவிட்டது. இன்றும் உரிமையாளர் அதுதான்.

வாங்கிய காலத்தையொட்டி நடந்த சீரமைப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கிறிஸ்டியான் கிறிஸ்டி என்ற கட்டடக்கலைஞர், கோயிலைச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருக்கை, மாடம், கூரைத்தட்டு, பெரிய ஜன்னல்கள், வண்ணம் எல்லாவற்றையும் அகற்றினார். அதனால்தான் இன்று தூண்களின் ஓட்டத்தை அடியிலிருந்து உச்சிவரை ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. ஆனால் 300 வருடம் ஓர் ஊர் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்த தடமும் கூடவே போய்விட்டது. இன்றைய முறைப்படி என்றால் அப்படிச் செய்ய விடமாட்டார்கள், விடக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

அதன் விளைவு இன்னொன்று. மற்ற கோயில்களைச் சீரமைக்க வந்தவர்கள் எல்லாரும் போர்குண்டையே மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். கோல் ஊரிலிருந்து பிரித்து ஓஸ்லோவுக்குக் கொண்டுபோன கோயிலும், ஃபோர்துன் ஊரிலிருந்து 1883இல் பெர்கனுக்குக் கொண்டுபோன ஃபாண்டாஃப்ட் கோயிலும் போர்குண்டைப் பார்த்தே வெளித்தோற்றம் பெற்றன. எனவே ‘ஸ்டேவ் தேவாலயம் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று நம் மனதில் பதிந்த உருவம், பெரும்பகுதி இந்த ஒரு கிராமத்துக் கோயிலின் உருவம். படங்களை ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம். 1992 ஜூனில் ஃபாண்டாஃப்ட் தீவைப்பில் எரிந்து சாம்பலானது, பிறகு கட்டியது மறுபிரதி. அதற்குப் பிறகுதான் மிஞ்சியவற்றுக்குத் தீத்தடுப்பு ஏற்பாடுகள் முழுமூச்சாக வந்தன. 2001இலிருந்து 2015வரை அரசின் தொல்பொருள் துறை எல்லா ஸ்டேவ் தேவாலயங்களையும் வரிசையாகப் பழுதுபார்த்தது, தார் பூசுவது உட்பட.

நேரில் பார்க்க நினைத்தால் கோடைக்காலம்தான். போர்குண்ட் இப்போது அருங்காட்சியகம் போலத்தான் திறந்திருக்கிறது, ஊர் வழிபாடு பக்கத்தில் உள்ள 1868ஆம் வருடக் கோயிலில் நடக்கிறது. இடைக்கால மணிகளில் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது, அதனால் அதையும் எட்டிப் பாருங்கள். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், தாழ்வாரத்துக்குள் நுழைந்து சுவரின் அடிச்சட்டத்தையும் அதற்குக் கீழே உள்ள கல்லையும் குனிந்து பாருங்கள். பிறகு உள்ளே போய் தெற்கு வாசலில் நின்று அந்த அரைத்தூணைத் தேடுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஃபியோர்டைக் கடந்து ஊர்னெஸ் போங்கள். 1131–32 குளிர்காலத்தில் வெட்டிய மரத்தில் கட்டியது, போர்குண்டைவிட 50 வருடம் மூத்தது. தூண்குழிகளில் நின்று அழுகிப்போன முந்தைய தலைமுறைக் கோயிலின் செதுக்கிய வாசல் ஒன்றை அதன் வடக்குச் சுவரில் எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.